எதிர்வாசல்

தணிகை மலையடியில் கூடியிருக்கும் இந்த அவைக்குத் தலைமை தாங்கும் வீட்டுச் சங்கத் தலைவர் வேதாசலம் அவர்களே! பள்ளிப்பட்டிலிருந்து வண்டி கட்டி வந்த பெரியோர்களே! இடுப்பிலே பிள்ளையும் தலையிலே வெயிலுமாக நிற்கும் தாய்மார்களே! வணக்கம்.

நான் சங்கத்து ஓவர்சியர். நன்றி சொல்லத்தான் அழைத்தார்கள். நன்றி இருக்கட்டும், முதலில் ஒரு கேள்வி.

சுதந்திரம் வந்த கையோடு, கூலிக்காரருக்குக் குறைந்த செலவில் கல் வீடு கட்டினோம். காற்றுக்கு ஜன்னல், கசியாத ஓடு, புகை போகக் கூண்டு! முதல் வரிசை முடிந்தது. எல்லோரும் குடிவந்தார்கள், நெல் குத்தும் குப்பம்மாள் மட்டும் சாவியைத் தொடவில்லை. இன்று வாங்காவிட்டால் வீடு வேறொருவருக்கு என்கிறது சங்கம். ஏன் வாங்கவில்லை?

நேரே போய்க் கேட்டேன். "வூடு ஷோக்காத்தான் கீது, நைனா. கதவத் தொறந்தா யார் மூஞ்சி தெரியும்? அடுத்த வரிசைச் செவுரா?" என்றார்.

சிரிக்கிறீர்களா? தீயில் போன நம் குடிசைகளை நினைத்துக்கொண்டு சிரியுங்கள்! எதிரெதிரே இரண்டு வரிசை. இடையிலே ஒரே வாசல். அந்த வாசலில்தானே நெல் குத்தினோம்? அந்த வாசலில்தானே ஆடிக் கிருத்திகைக் காவடிகள் வந்து நின்றன, தாய்மார்கள் மஞ்சள் நீரால் பாதம் கழுவினார்கள்? என் தாய் தாயம்மாள் வேர்க்கடலை பிடுங்கப் போனபோது நான் காய்ச்சலில் கிடந்தேன். எதிர் வீட்டு உலக்கை ஓயவில்லை. உலக்கைக்கு நடுவே ஒரு குரலும் ஓயவில்லை. "டேய், கஞ்சி குட்ச்சியா? கண்ணத் தொற, பாக்குறேன்." குப்பம்மாளின் குரல்! எந்த வரைபடத்தில் அந்தக் குரலுக்கு இடம் விட்டோம்?

கிழக்கு வாசல்தான் விசேஷம் என்று இரண்டாம் வரிசையையும் கிழக்கே பார்க்க வைத்துச் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. முதல் வரிசைக்காரர் காண்பது அதன் முதுகை! அழியுங்கள் அந்தக் கோட்டை. வாசலை மேற்கே திருப்புங்கள். ஒரு செங்கல்கூட அதிகம் ஆகாது. எதிரே அண்டை வீட்டார் முகம். அவர்கள் கூரைக்கு மேலே முருகன் மலை! இதைவிடவா விசேஷம்?

"ஆங், சரிதான்" என்கிறீர்களா? என்னிடம் எதற்கு, தலைவரிடம் சொல்லுங்கள்.

இதோ, தலைவர் இறங்கிப் போகிறார்... கோட்டைத் தம் காலாலேயே அழிக்கிறார்! கைதட்டல் போதும், வேலை கிடக்கிறது.

குப்பம்மா அத்தே, வாங்க, சாவி இங்கே இருக்கிறது. என்ன? "எதிர் வூட்டுக்கு யாரு வரப் போறா? அத மொதல்ல சொல்லு" என்கிறார்.

என் அம்மாதான், அத்தே.

வாங்கிக்கொண்டார்! தலைவருக்கு நன்றி, தாய்மார்களுக்கு அதைவிட நன்றி. ஆடிக் கிருத்திகைக்கு மஞ்சள் கரைத்து வையுங்கள். வணக்கம்.