டில்டே எக்வாலின் மூச்சு

எங்கள் ஆய்வுப் பள்ளியில் காபி நன்றாக இருக்கும். அதன் தலைவராகப் பொறுப்பேற்றதும் நான் முதலில் செய்த காரியம், தாழ்வாரத்தில் இருந்த பழைய காபி இயந்திரத்தைத் தூக்கிப் போட்டதுதான். முனைவர் பட்டத்துக்காக விடிந்ததிலிருந்து ஆய்வகத்தில் நிற்கிற பிள்ளைகளுக்கு வாய்க்கு ருசியாக ஒன்றாவது வேண்டாமா? நீங்கள் கொடுத்த காபியைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், இன்ஸ்பெக்டர். காவல் நிலையத்துக்கு இதுவே அதிகம்.

டில்டேயை அந்தக் காபி மேசையில்தான் முதலில் பார்த்தேன். ஸ்வீடனின் வடகோடியிலிருந்து கோதன்பர்குக்குப் படிக்க வந்தவள். அப்பா பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர். நான் படிப்பால் மருத்துவர், ஒவ்வாமையும் ஆஸ்துமா இளைப்பும்தான் என் ஆராய்ச்சி. எலிக்கு இளைப்பை வரவழைத்து அதன் மூச்சை அளக்க வேண்டும். எலியின் தொண்டைக்குள் நூல் போன்ற குழாயை இறக்க, டில்டேயின் விரல்களைப் போல இன்னொரு ஜோடியை நான் கண்டதில்லை.

இரண்டாம் வருஷம் அவள் தும்ம ஆரம்பித்தாள். பிறகு மணிக்கட்டில் தடிப்பு. ஒருநாள் கண்கள் சிவந்து என் அறைக்கு வந்தாள்.

"குன்வோர், எலிங்களுக்கு என் மேல கோவம் போல. இத்தனை நாள் அதுங்கள கொன்னதுக்குப் பழி வாங்குதுங்க."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"எலி ரூம் பக்கமே போகக் கூடாதாம். இதோட என் படிப்பு முடிஞ்சுதா?"

"யார் சொன்னது? நல்ல மாஸ்க் போட்டுக்கோ. மாசாமாசம் உன் ரத்தத்த நானே பாத்துக்கறேன். எதாவது ஏறுச்சுன்னா நிறுத்திடலாம்."

அவள் அழுதுவிட்டாள். அடுத்த முறை ஊருக்குப் போய்வந்தபோது அம்மா போட்ட காட்டுப்பழ ஜாமை எனக்காகக் கொண்டுவந்தாள்.

ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். எலிக்கு வருகிற இளைப்பு மனிதருக்கு வருவதைப் போன்றதே அல்ல. இது என் துறையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் உரக்கச் சொல்வதில்லை. நல்ல மனித உடம்பில் நோய் எப்படி உருவாகிறது என்பதை முதல் தும்மலிலிருந்து பார்க்க வேண்டும். அதற்காக ஒருவரை நோயாளியாக்க எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. டில்டேயிடம் அது தானாகவே தொடங்கியிருந்தது. நான் தொடங்கவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் நான் எதுவும் செய்யவில்லை. ரத்தம் மட்டும் எடுத்தேன். ஆனால் அந்த முகமூடி நன்றாக வேலை செய்தது. ரத்தத்தில் ஒவ்வாமை அளவுகள் இறங்கின, அவள் தேறி வந்தாள். அது சங்கடமாகிவிட்டது. அதனால் முகமூடியின் வடிகட்டியைப் பிரித்து உள்ளே இருந்த பஞ்சை எடுத்துவிட்டேன். அளவுகள் மறுபடி ஏறின. அழகான ஏற்றம்.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்ச் சிவந்த கன்னங்களோடு திரும்பினாள். மாதக்கணக்கான உழைப்பு வீணாகிவிடும் போலிருந்தது. ஒவ்வாமையைத் தூண்டுவது எலியின் சிறுநீரில் இருக்கும் ஒரு புரதம். அதைப் பிரித்தெடுத்தால் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், வாடையே இராது. அவளுடைய கோட்டுக் காலரில் தெளித்தேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு நீலக் கம்பளி மஃப்ளர் வாங்கிக் கொடுத்தேன். அது இன்னும் வசதியாக இருந்தது.

அவளால் படுத்துத் தூங்க முடியாமல் போனது. நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்குவாள். ஒருமுறை அவளும் அவளோடு படித்த நார்வேக்காரி சுன்னிவாவும் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"வேற லேபுக்கு மாறித் தொலையேன்டி. உன் மூச்சு சத்தம் விசில் மாதிரி கேக்குது."

"குன்வோர் மட்டும் இல்லன்னா நான் எப்பவோ மூட்டைய கட்டியிருப்பேன்டி."

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. பொய் சொல்லவில்லை.

ஆய்வேட்டை முடித்தாள். அதை எல்லோர் முன்னும் தாழ்வாரத்துப் பலகையில் ஆணியடித்து மாட்டுவது எங்கள் வழக்கம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன்பின் அவள் ஸ்டாக்ஹோமில் வேலைக்குப் போய்விடுவாள். அதிக அளவு கொடுத்தால் என்ன ஆகும் என்பது மட்டும் பாக்கி இருந்தது. ஆணியடிக்கும் நாளன்று காலையில் மஃப்ளரை அந்தப் புரதச் சாற்றில் முழுவதும் நனைத்து, என் அறையின் ஹீட்டர் மேல் காய வைத்து, அவள் கோட்டு மாட்டும் கொக்கியில் திரும்ப மாட்டினேன்.

"இத போட்டுட்டுத்தான் அடிப்பேன், ராசியான மஃப்ளர்" என்று சொல்லி அதைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆணி பாதி இறங்கியபோது சுத்தியல் கீழே விழுந்தது. அவள் கண்கள் கூட்டத்தில் என்னைத்தான் தேடின. நான் மருத்துவர் என்பதால் எல்லோரும் வழிவிட்டார்கள்.

"குன்வோர்... மூச்சு..."

"பேசாத. நான் இருக்கேன்ல."

என் பையில் உயிர் காக்கும் அட்ரினலின் ஊசி இருந்தது. ஆனால் அதை முதலில் போட்டால் ரத்தத்தின் அளவுகள் மாறிவிடும். அதனால் முதலில் ரத்தம் எடுத்தேன். ஏறுகிற வேகமும் தெரிய வேண்டுமே, சற்றுக் காத்திருந்து இன்னொரு முறை எடுத்தேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள், கொஞ்சம் இடைஞ்சலாக இருந்தது. அதன்பிறகுதான் மருந்தைப் போட்டேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

சுன்னிவா மட்டும் அழாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மருந்து கையிலயே இருந்துச்சுல்ல? அப்பறம் எதுக்கு முதல்ல ரத்தம் எடுத்தீங்க?"

கெட்டிக்காரப் பெண். உங்களுக்குத் தகவல் சொன்னதும் அவள்தானே? அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. கேள்வி கேட்கப் பழக்கியதே நான்தான்.

மாலையில் டில்டேயின் அப்பாவுக்கு நானே போன் செய்தேன். "கடைசில யாராவது அவ பக்கத்துல இருந்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் இருந்தேன், என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்றேன். அவர் நன்றி சொன்னார்.

ஆமாம், எல்லாவற்றையும் செய்தது நான்தான். வேறு யாருக்கும் தெரியாது. ரத்த மாதிரிகள் என் உறைபெட்டியில் இருக்கின்றன, மின்சாரத்தை மட்டும் துண்டித்துவிடாதீர்கள்.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டிருந்தால் கட்டாயம் சம்மதித்திருப்பாள். அந்தப் பதில் எனக்கு முன்பே தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.