டெர்மட்டுக்குப் போன பார்சல்கள்

பெர்ன்: ...போன தடவை ஜாம் பாட்டில் உடைஞ்சுதுன்னே. அதுக்கு முந்தி காட்டுத்தீன்னே. இப்ப என்ன, லேபிள் கிழிஞ்சு போச்சா?

லியோ: கிழிஞ்சுதுன்னு சொல்லலை, பெர்ன் அத்தை. மிஷின்ல மாட்டிக்கிட்டுக் கிழிஞ்சிருக்கலாம்னு...

பெர்ன்: கிழிஞ்சிருக்கலாம், போயிருக்கலாம், வந்திருக்கலாம். போஸ்டாபீஸ்ல உக்காந்துக்கிட்டு ஜோசியம் சொல்றியே.

லியோ: நியூஃபவுண்ட்லாந்துலேர்ந்து ஆல்பர்ட்டா போகணும்னா கனடாவே குறுக்க கிடக்கு அத்தை. நடுவுல எத்தனை டிப்போ, எத்தனை லாரி. எங்க போச்சுன்னு நான் எதைக் கண்டேன்?

கிளாடிஸ்: அவனை விடு பெர்ன். எனக்கு ஸ்டாம்ப் குடுத்துட்டான்னா நான் பாட்டுக்குப் போயிடுவேன்.

பெர்ன்: நீயும் இருந்து கேளு கிளாடிஸ். என் பையனுக்கு நான் அனுப்புறது ஒண்ணுகூடப் போய்ச் சேரலை. கையால பின்னின காலுறை. சதுப்புல முழங்கால் வரைக்கும் இறங்கிப் பொறுக்கின பேக்கப்பிள் பழம், அதுல காய்ச்சின ஜாம்...

கிளாடிஸ்: ஊரே பேசுது, எனக்குத் தெரியாதா? அந்த ஜாம் எந்த வயித்துக்குள்ள போகுதுன்னு லியோவோட சட்டையைப் பாத்தாலே தெரியுதே. பொத்தான் பூட்ட மாட்டேங்குது.

லியோ: இது என் பொண்டாட்டி செய்யற புட்டிங், கிளாடிஸ் அத்தை. ஜாம் இல்லை.

கிளாடிஸ்: சும்மா சொன்னேன்டா... ஆனா ஒண்ணு பெர்ன். டொரன்டோல இருக்கிற என் தங்கச்சிக்கு அனுப்பினா அடுத்த வாரமே போயிடுது. உன்னோடது மட்டும் எப்படி?

பெர்ன்: அதைத்தான் நானும் இவனைக் கேக்கறேன்.

கிளாடிஸ்: டெர்மட்டே ஒரு போன் போட்டு அங்க விசாரிக்கலாமே. அம்மா அனுப்பினது வரலையேன்னு.

பெர்ன்: அவனுக்கு எங்க நேரம்? மணலைத் தோண்டி எண்ணெய் எடுக்கற அந்த வேலை... ஷிப்டு மேல ஷிப்டு. காட்டுக்குள்ள போன்கூட எடுக்காது.

கிளாடிஸ்: ஓ... எடுக்காதா?

பெர்ன்: எடுக்காது.

கிளாடிஸ்: ம். சரி, குடு லியோ ஸ்டாம்பை. பூப்போட்டது வேணாம், சாதாரணமானது போதும்... வரேன் பெர்ன். நீ விடாதே, மேலிடத்துக்கு எழுதிப் போடு.

பெர்ன்: கதவை நல்லாச் சாத்திட்டுப் போ. பனிக்காத்து உள்ள வருது.

லியோ: ...போயிட்டாங்க.

பெர்ன்: போயிட்டா. சரி, இந்தா, இதை எடை போடு. இந்தத் தடவை ஜாம் இல்லை. கையுறையும் கேக்கும்தான். உடையறதுக்கு ஒண்ணும் கிடையாது.

லியோ: அதைக் கீழ வைங்க அத்தை. கொஞ்சம் உக்காருங்க.

பெர்ன்: உக்கார நேரமில்லை, அடுப்புல சூப் இருக்கு. எடையைப் போடு.

லியோ: நாளைக்குக் காலைல செயின்ட் ஜான்ஸ்லேர்ந்து ஆபீசர் வர்றார்.

பெர்ன்: வரட்டுமே, எனக்கென்ன? போஸ்டாபீஸ்னா வருவாங்க, போவாங்க.

லியோ: உங்க புகாருக்காகத்தான் வர்றார்.

பெர்ன்: நான் எங்கடா புகார் குடுத்தேன்?

லியோ: கொலீன் குடுத்திருக்கா. உங்க அண்ணன் பொண்ணு. கம்ப்யூட்டர்ல எழுதியிருக்கா. "என் அத்தை வயசானவங்க, ஒண்டியா இருக்காங்க, அவங்க அனுப்புற பார்சலை யாரோ எடுத்துக்கறாங்க"ன்னு. "யாரோ"ன்னா, இந்த ஆபீஸ்ல நான் ஒருத்தன்தானே.

பெர்ன்: நான் எழுதச் சொல்லலை. கிறிஸ்துமஸுக்கு வந்தப்ப ஏதோ புலம்பினேன்... அவ்வளவுதான். அந்தப் பொண்ணு இப்படிச் செய்வான்னு நான் கண்டேனா?

லியோ: அவ மேல எனக்கு வருத்தமில்லை. அத்தை மேல இருக்கிற பாசம்.

பெர்ன்: இப்பவே போன் பண்ணி வாபஸ் வாங்கச் சொல்றேன்.

லியோ: இனிமே முடியாது. ஆபீசர் வந்ததும் முதல்ல பின்னாடி ரூமைத் திறக்கச் சொல்வார்.

பெர்ன்: திறந்து காட்டு. பழைய தராசும், வாசல் பனிக்குத் தூவற உப்பு மூட்டையும்தானே கிடக்கு.

லியோ: அத்தை...

பெர்ன்: அடுப்புல சூப் இருக்குன்னு சொன்னேனே. நான் வரேன்.

லியோ: உக்காருங்க அத்தை. நாளைக்கு அந்த ஆள் வாயால நீங்க கேக்கக் கூடாது, நானே சொல்லிடறேன். ஒரு பார்சலும் தொலையலை. எல்லாம் ஆல்பர்ட்டா போச்சு, அவன் வீட்டு வாசல் வரைக்கும் போச்சு... டெர்மட் வாங்கலை. ஒவ்வொண்ணையும் திருப்பி அனுப்பிட்டான். பிரிக்கக்கூட இல்லை. எல்லாம் அந்த ரூம்லதான் இருக்கு. தண்ணி குடிக்கறீங்களா?

பெர்ன்: வேணாம்.

லியோ: முதல் பார்சல் திரும்பி வந்தப்ப உங்ககிட்டதான் எடுத்துக்கிட்டு வந்தேன். உங்க வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸ் மாமாவை அடக்கம் பண்ணின வாரம். நீங்க வாசல்ல பனி தள்ளிட்டிருந்தீங்க, அவரோட பெரிய கோட்டைப் போட்டுக்கிட்டு. என்னைப் பாத்ததும், "என்ன லியோ, டெர்மட்டுக்குக் கிடைச்சுதா?"ன்னு கேட்டீங்க. சிரிச்சுக்கிட்டு கேட்டீங்க. எனக்கு வண்டியை விட்டு இறங்க முடியலை. பார்சல் பின் சீட்டுல இருக்கு. தொலைஞ்சு போச்சு போலிருக்கு அத்தைன்னு... வாய்ல வந்துடுச்சு.

பெர்ன்: அப்புறம் அதையே பிடிச்சுக்கிட்டே.

லியோ: ஒண்ணு சொன்னா அடுத்ததுக்கு இன்னொண்ணு சொல்ல வேண்டியிருக்கே. வளைகுடால ஐஸ், கப்பல் வரலைன்னேன். அப்புறம் காட்டுத்தீ. காட்டுத்தீ மட்டும் நிஜம் அத்தை, அங்க எங்கயோ எரிஞ்சுது.

பெர்ன்: கருவாடு?

லியோ: என்னது?

பெர்ன்: ஒரு பார்சல்ல காட் மீன் கருவாடு வச்சேனே. சூடான ரூம்ல இத்தனை நாள் கிடந்தா என்ன ஆகியிருக்கும்?

லியோ: அதை மட்டும் பிரிச்சுட்டேன்... வர்றவங்கள்லாம் மூக்கைச் சுளிச்சாங்க. தூக்கிப் போட மனசு வரலை. வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போய் உருளைக்கிழங்கோட வேக வச்சுச் சாப்பிட்டுட்டோம்.

பெர்ன்: எப்படி இருந்துச்சு?

லியோ: நல்லாருந்துச்சு. உப்புதான் கொஞ்சம் தூக்கல்.

பெர்ன்: ராத்திரி பூரா தண்ணில ஊறப் போட்டியா?

லியோ: இல்லை... கொஞ்ச நேரம்தான்.

பெர்ன்: பின்ன தூக்கலாத்தான் இருக்கும். உன் அம்மா இதெல்லாம் சொல்லித் தரலையா?

லியோ: அத்தை, நான் என்ன சொல்லிட்டிருக்கேன், நீங்க என்ன கேக்கறீங்க? திரும்பி வந்ததை உரியவங்ககிட்ட குடுக்காம வச்சிருந்தா அது திருட்டுக் கணக்குதான். நாளைக்கே வேலை போயிடும். மீன் ஆலையும் மூடியாச்சு, இந்த ஊர்ல வேற என்ன இருக்கு எனக்கு?

பெர்ன்: புலம்பாதே. எழுந்திரு. எல்லாத்தையும் எடுத்து என் வண்டில ஏத்து.

லியோ: ஏத்தினா? ஆபீசர் கேப்பாரே.

பெர்ன்: அவரை நேரா என் வீட்டுக்கு அனுப்பு. நான் சொல்லிக்கறேன். பார்சலெல்லாம் ஒழுங்கா திரும்பி வந்துச்சு, வந்த உடனே லியோ சொன்னான், நான்தான் வீட்ல வைக்க இடமில்லைன்னு இங்கயே வைக்கச் சொன்னேன், இப்பதான் எடுத்துக்கிட்டு வந்தேன், கொலீன்கிட்ட நான்தான் ஏதோ உளறிட்டேன். கிழவிக்கு ஞாபகம் சரியில்லைன்னு எழுதிக்கிட்டுப் போகட்டும்.

லியோ: கருவாட்டுப் பார்சலைக் கேட்டா?

பெர்ன்: நான்தான் உனக்குக் குடுத்தேன். என் கருவாடு, யாருக்கு வேணா குடுப்பேன்.

லியோ: ஆனா "திரும்பி வந்துச்சு"ன்னு சொன்னா... ஏன் திரும்பிச்சுன்னு கேள்வி வரும். ஆபீசர் போறதுக்குள்ள கிளாடிஸ் அத்தை காதுக்குப் போயிடும். டெர்மட் வேணாம்னுட்டான்னு ஊர் பூரா...

பெர்ன்: தெரியும்.

லியோ: உங்களுக்குத்தானே கஷ்டம்.

பெர்ன்: உனக்கு ரெண்டு குழந்தைங்க இருக்கு. வண்டில ஏத்து.

லியோ: ஏத்தறேன்... அத்தை, இன்னுமா அவனுக்கு அந்தக் கோவம்? நீங்க ரெண்டாவதா ஆம்ப்ரோஸ் மாமாவைக் கட்டிக்கிட்டதுக்கா?

பெர்ன்: கட்டிக்கிட்டது மட்டும்னா பொறுத்திருப்பான். டெர்மட்டோட அப்பா ஜெரோம் போய் வருஷம்கூட ஆகலை. ஒரு நாள் ஆம்ப்ரோஸ் படகை எடுத்தார். குளிருதுன்னு, கொக்கில மாட்டியிருந்த ஜெரோமோட ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கிட்டார். அவருக்கு யாருதுன்னு தெரியாது. டெர்மட் துறைல நின்னுக்கிட்டு இருந்தான். தூரத்துலேர்ந்து பாத்தா அப்பாவே படகுல வர்ற மாதிரி இருந்திருக்கும்... படகு பக்கத்துல வந்தப்புறம்தான் முகம் தெரிஞ்சுது. அன்னிக்கு சாயங்காலமே பஸ் ஏறிட்டான்.

லியோ: ...எனக்குத் தெரியாது.

பெர்ன்: யாருக்கும் தெரியாது. அவன் மேல தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த மனுஷன் மேலயும் தப்பில்லை. நல்லாப் பாத்துக்கிட்டார் என்னை.

லியோ: என் மேல கோவம் இல்லையா அத்தை? இத்தனை நாள் உங்க மூஞ்சியைப் பாத்து பொய் சொல்லியிருக்கேன். நான் சொன்னதும் உடைஞ்சு போயிடுவீங்கன்னு நினைச்சேன். நீங்க கருவாட்டைக் கேக்கறீங்க.

பெர்ன்: எனக்குத் தெரியும் லியோ.

லியோ: என்ன தெரியும்?

பெர்ன்: திரும்பி வந்ததுன்னு. நீ வண்டியோட வாசல்ல வந்து நின்னியே, அதுக்கு முந்தின ராத்திரியே அவன் போன் பண்ணிட்டான். "திருப்பி அனுப்பிட்டேன், இனிமே எதுவும் அனுப்பாதே, அனுப்பினாலும் வாங்க மாட்டேன்"னான். கத்தலை. மெதுவாத்தான் சொன்னான். அப்புறம் போனை வச்சுட்டான். நான் பண்ணினா எடுக்கறதில்லை.

லியோ: அப்ப... எல்லார் முன்னாடியும் என்னை நிக்க வச்சு அந்தத் திட்டு திட்டினீங்களே.

பெர்ன்: உன்னைத் திட்டினா தபால்காரன் தொலைச்சுட்டான்னு பேசுவாங்க. பெத்த பிள்ளை உதறிட்டான்னு பேச மாட்டாங்க. உனக்குத் தாங்கும்னு நினைச்சேன்... தாங்கற அளவுக்கு மேல போயிட்டேன். மன்னிச்சுக்கோ.

லியோ: அதை விடுங்க. அவன்தான் வேணாம்னுட்டானே, தெரிஞ்சும் எதுக்குப் பின்னிப் பின்னி அனுப்பினீங்க? போறதுக்கு ஒரு செலவு, அலைச்சல் வேற. எதுக்கு அத்தை?

பெர்ன்: தராசுல வச்சதும், "யாருக்கு அத்தை?"ன்னு கேப்பியே. கம்ப்யூட்டர்ல அடிக்கறதுக்காகத்தான் கேக்கறே, எனக்குத் தெரியும். நான் சொல்லுவேன்... "டெர்மட் டோபின், என் பையன்"னு. ஆம்ப்ரோஸ் போனதுலேர்ந்து வீட்ல அந்தப் பேரை யார்கிட்ட சொல்றது லியோ? கேளேன் இப்ப. இதையும் எடை போட்டுட்டு... யாருக்குன்னு கேளு.