படிக்கட்டுக்கு எதிர்ப்பக்கம்

நாய்க்கு ஈரல் வேகவைக்கும்போது உப்புப் போடக் கூடாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள், டாக்டர். அதுவரைக்கும் என் மனைவி பொன்னுத்தங்கம் உப்பும் மஞ்சளும் போட்டுத்தான் வேகவைத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் சொன்ன பிறகு வீட்டில் அதற்கென்று தனிச் சட்டி வந்தது.

நேற்று நீங்கள் சாத்தூரிலிருந்து சிவகாசிக்கு என் பிரஸ்ஸைத் தேடி வந்து ஒரு கேள்வி கேட்டீர்கள். எனக்குத் தெரியாது என்றேன். எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இப்போது உங்கள் கிளினிக்குக்கு வந்திருக்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் மகன் ஹரிஷ்குமார் 2006-இல் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனான். அதோடு வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அச்சடிக்கிறவனுக்குத் தீபாவளி வரைக்கும் வீடு ஞாபகம் வராது. அவள் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். என்ன ஓடுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. லீவுக்கு வந்த பையன் ஒரு சிப்பிப்பாறை நாய்க்குட்டியைக் கொண்டுவந்து அவள் மடியில் விட்டான். அவள்தான் சோமு என்று பேர் வைத்தாள்.

ஊசி போட உங்களிடம் கொண்டுவந்தபோது பின்பக்கத்து மைதானத்தில் குழாய்த் தடைகளையும் துணிக் குகையையும் பார்த்துவிட்டாள். என்ன என்று கேட்டாள். அஜிலிட்டி என்று ஒரு விளையாட்டு, நாய் தடைகளைத் தாண்டி ஓடும், கூடவே நாமும் ஓட வேண்டும் என்றீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் தடைக்கம்பைத் தரையிலேயே போட்டு நடக்கவிட்டீர்கள். குட்டி வளர்ந்து எலும்பு கெட்டிப்படும்வரை உயரம் ஏற்றக் கூடாது என்றீர்கள். குகையைச் சுருக்கி வைத்து, இந்தப் பக்கம் நீங்கள் பிடித்துக்கொள்ள, அந்தப் பக்கம் அவள் குனிந்து கூப்பிட்டாள். உள்ளே நுழைந்தவன் வெளியே வந்து அவள் முகத்தை நக்கியபோது அவள் சத்தம்போட்டுச் சிரித்தாள். நான் காருக்குள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு யாருடையது என்று பார்க்க நிமிர்ந்தேன் என்றால் நம்புவீர்களா?

சேலையில் ஓட முடியவில்லை என்று சுடிதார் போட ஆரம்பித்தாள். சொந்தக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பேசினார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நானே காரோட்டிக் கூட்டிவந்தேன். அதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

ஒருநாள் நானும் ஓடிப் பார்க்கிறேன் என்று இறங்கினேன். சோமு இரண்டாவது தடைக்கு முன்னால் நின்றுவிட்டான். என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், உட்கார்ந்துகொண்டான்.

"உங்க கை ஒண்ணு சொல்லுது, காலு ஒண்ணு சொல்லுது. பாவம், அவன் எதத்தான் நம்புவான்?" என்றாள் அவள்.

நீங்களும் சிரித்தீர்கள். அப்புறம், "அண்ணாச்சி, நாய் நம்ம வாயப் பாக்காது. நம்ம காலு எங்கன போகுதோ அங்கன அதுவும் வரும். நீங்க நின்னா அதுவும் நின்னுரும்" என்று சொல்லிக்கொடுத்தீர்கள்.

கற்றுக்கொண்டேன். காலையில் பிரஸ்ஸுக்குப் போவதற்கு முன்னால் சோமுவை ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்துக்குக் கூட்டிப்போவேன். கையில் ஈரல் துண்டு. வரப்பு, வாய்க்கால், குட்டிச்சுவர் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். கொஞ்ச நாளில் நான் கையை நீட்டியதும் தாவினான். பொன்னுத்தங்கத்துக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான். அந்த நாட்களில் நான் அவனிடம் பிரியமாக இருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பட்டாசு சீசன் சூடுபிடித்திருந்த நேரம். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"கோயமுத்தூர்ல இதுக்குன்னு பெரிய கிளப்பு இருக்காம். டாக்டர் சொன்னாக. ஹரிஷ் காலேஜ் பக்கத்துல ஒரு வீடு எடுத்துட்டு, நானும் சோமுவும் அங்கனயே இருக்கலாம்னு பாக்கேன்."

"அப்ப நான்?"

"உங்களுக்கு ஆர்டர் இருக்கு, லோடு இருக்கு. நீங்க எப்ப வீட்ல இருக்கீக?"

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு ரசம் ஊற்றினாள்.

பிரஸ்ஸில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். போகாதே என்று சொல்லலாம். போகமாட்டாள், ஆனால் மறுபடி டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். நாயை யாருக்காவது கொடுத்துவிடலாம். தேடிக் கண்டுபிடித்துவிடுவாள். நாய் தானாகவே இல்லாமல்போனால் யார்மேலும் வருத்தம் வராது. வீடும் வீடாக இருக்கும். அப்போது அது நியாயமாகத்தான் தோன்றியது.

மறுநாள் காலை வழக்கம்போல் கிளம்பினோம். கேட் வரைக்கும் வந்து அவன் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். எங்கள் தோட்டத்தை ஒட்டி, இறைப்பு நின்றுபோன பழைய கிணறு ஒன்று உண்டு. மூன்று பக்கம் இடுப்பளவு சுவர். மேற்குப் பக்கம் மட்டும் தண்ணீர் வரை இறங்கும் கல் படிக்கட்டு. நான் கிழக்குப் பக்கம் நின்றேன். கையை நீட்டினேன். எப்போதும்போல அழகாகத் தாவினான்.

விழுந்த உடனே முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மழைத் தண்ணீர் நிறைய இருந்தது. அவன் மேலே வந்து நீந்தினான். எட்டிப் பார்த்தேன். அவன் குரைக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே எனக்கு நேர் கீழே வந்து சுவரைப் பிறாண்டினான்.

நேற்று நீங்கள் கேட்டது இதுதானே? "கிணத்துல விழுந்த நாய் சுத்திச்சுத்தி நீந்தி எப்படியும் படிக்கட்டக் கண்டுபிடிச்சிரும் அண்ணாச்சி. சோமு நகம் அம்புட்டும் தேஞ்சு ஒடஞ்சிருக்கு. கீறல் பூரா எதிர்ச் சுவத்துலதான் இருக்கு. அவன் ஏன் அங்கனயே கெடந்தான்?"

நான் அங்கே நின்றதால்தான், டாக்டர். நான் சுவரை ஒட்டியே மேற்குப் பக்கம் நடந்துபோயிருந்தால் அவனும் கூடவே நீந்திப் படிக்கட்டுக்கு வந்திருப்பான். திரும்பிக் காருக்குப் போயிருந்தால்கூட அவன் வேறு வழி தேடியிருப்பான். எனக்கு இரண்டும் தோன்றின. ஆனாலும் நகரவில்லை. அவன் களைத்துப்போகிறவரை அங்கேயே நின்றேன்.

முயலைத் துரத்திக்கொண்டு ஓடிவிட்டான் என்று வீட்டில் சொன்னேன். அவளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினேன். ஜன்னல் வழியே தலையை நீட்டி அவள் கூப்பிட்ட குரல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. இரண்டு நாள் கழித்து எங்கள் தோட்டக்காரர் சங்கிலிமுத்து கிணற்றில் மிதந்தவனைப் பார்த்துவிட்டு ஆள் அனுப்பினார். அவனை மேலே தூக்கியபோது நீங்களும் வந்து அவனையும் கிணற்றையும் பார்த்தீர்கள்.

இப்போது அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். நீங்கள் ஒருதரம் வீட்டுக்கு வந்து பேசினால் நல்லது. நான் சொன்னதை அவளிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். சொன்னால் தாங்கமாட்டாள் என்று எனக்குப் படுகிறது.

அவனைப் புதைத்துவிட்டு வந்த அன்று என் தோளில் சாய்ந்து அழுதாள். "நான்தான தாவுறதுக்குச் சொல்லிக்குடுத்தேன். செவரப் பாத்ததும் தாவிட்டான். நானே கொன்னுட்டேன்ல?" என்றாள்.

"நீ தெரிஞ்சா செஞ்ச? விடு பொன்னு. நான் ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னை அவ்வளவு நன்றியோடு பார்த்ததில்லை, டாக்டர். அந்தப் பார்வை போய்விடக் கூடாதே என்றுதான் நேற்று உங்களிடம் பொய் சொன்னேன்.