ஆளில்லாத வீடு

— கூரைய மாத்தித் தாறேன்னு நான் எப்ப சென்னேன், சந்திரகாந்தா? வூட்ட வுட்டுத் தாங்கன்னுதானே செல்றேன்.

— ஒழுகுற எடத்துல குண்டான வச்சுக்கிட்டு இருந்துக்குறோம் மொதலாளி. போகச் சொல்லாதீங்க.

— எனக்கு மட்டும் ஆசையா? இந்த வூட்டு வாடகைக் கூலிய நம்பித்தான் நாவுல ஊர்ல ஈக்கிற வயல ஈடு வெச்சு பக்கத்து வூட்டையும் வாங்கினேன். பொறகு கூலிய கூட்டப்படாதுன்னு சட்டம் வந்துட்டு. ஓடு வெல ஏறுது, நகரசபை வரி ஏறுது, கூலி மட்டும் அசையுதில்ல. ஈடு புடிச்சவன், வட்டி ஹராம்னு செல்லி, அதுக்குப் பதிலா வயல் வெளச்சல அள்ளிட்டுப் போறான். மாசக் கடைசிக்குள்ள மீட்காட்டி வயலும் அவனுக்குத்தான்.

— அதுக்கு எங்க தலையிலயா கை வைக்கிறது?

— கலேவெல நுஹ்மான் இந்த வூட்ட வாங்கக் காத்துக்கிட்டு ஈக்கிறார். அவர் கேட்டது ஒண்டே ஒண்டுதான். வூட்டுல குடி ஈக்கா? ஈந்தா பாதி வெல. ஆளில்லாத வூடுன்னா கேட்ட வெல.

— ஆளுதான் இருக்கோமே! வெள்ளக்காரங்க யுத்தத்துக்கு முந்தின வருசத்துல இருந்து இருக்கோமே! எம் புருசன் தச்சுக் குடுத்த சட்டையப் போட்டுக்கிட்டுத்தான மூத்த மகளுக்கு நிக்காஹ் முடிச்சீங்க? வாடகைக் கந்தோர்ல ஆபீசர்கிட்ட போய்ச் சொன்னா எங்கள அசைக்க முடியாதாம். இவரு கேட்டுட்டு வந்தாரு.

— போங்க, தாராளமாப் போங்க. கூலி கட்டின ரசீதுத் துண்டு ஈக்கா?

— நீங்க குடுத்தாத்தான இருக்கும்?

— துண்டு குடுத்தா குடியிருக்கிறவனுக்குப் பிடி வந்துரும்னு எங்கட வாப்பா சென்னது. இன்னொண்டு கேளுங்க, புள்ள. அந்தக் கந்தோர் ஆள் என்ட கடைக்கே வந்துட்டுப் போய்ட்டார். செல்ல வேண்டியத நானும் செல்லிட்டேன். இனி அந்தப் பக்கம் போய் காலத் தேய்க்காதீங்க.

— அம்புட்டு தூரம் போயிட்டீங்களா?

— என்ட எடத்துல நீங்க ஈந்தாலும் அதத்தான் செய்வீங்க.

— செய்ய மாட்டேன் மொதலாளி. சரி, வுடுங்க. வூடு வேணாம். வெள்ளிக்கெழம காலி பண்ணிடுறோம்.

— என்ன?

— பின்கதவத் தொறக்குற சாவி இந்தா, இப்பவே வாங்கிக்குங்க. எங்கண்ணன் வேல செய்யுற தேயிலைத் தோட்டத்து லயத்துல ஒரு காம்பரா காலியா இருக்காம். போய்க்கிறோம். அதுக்குப் பதிலா நீங்க எங்களுக்கு ஒண்ணு செய்யணும்.

— அல்லாஹ்வே, செல்லுங்க புள்ள. என்னத்த வேணுமெண்டாலும் செல்லுங்க.

— இவரு போன வாரம் கண்டிக்குப் போனது துணி எடுக்க இல்ல. பிரஜாவுரிமைக் கந்தோருக்கு. யுத்தத்துக்கு முந்தியே இங்கதான் இருந்தோம்னு அத்தாட்சியோட ஒப்புவிக்கணுமாம். மகன் பொறந்த சர்ட்டிபிக்கேட்ட காட்டினோம். அதுக்கு முந்தி எங்க இருந்தீங்கன்னு கேக்குறாங்க. துண்டு இல்ல. உங்க வாய்ச் சாட்சிதான் இருக்கு.

— இவ்வளவுதானா?

— இவ்வளவுதான்னு சாதாரணமாச் சொல்றீங்க. நான் எல்கடுவைத் தோட்டத்துல பொறந்தவ மொதலாளி. இந்தியா கெழக்கயா மேக்கயான்னு கூட எனக்குத் தெரியாது. இத ஒப்புவிக்கலன்னா எங்கள அங்க கொண்டுபோய் எறக்கி வுட்டுருவாங்களாம். ராத்திரியில புள்ளைங்களப் பாத்தா வயிறு எரியுது.

— அழாதீங்க. எனக்கு வெக்கமா ஈக்கி. தொறப்பக் கையில வெச்சுக்கிட்டு நிக்கவே கூசுது. நான் வாறேன் புள்ள. கண்டிக்கு வாறேன், கொழும்புக்கு வேணுமெண்டாலும் வாறேன். நீங்க வந்த அன்டைக்குப் பேஞ்ச மழையப் பத்தியும் செல்லுவேன். ஒங்கட தகரப் பெட்டிய நான்தானே தூக்கி உள்ள வெச்சேன்.

— இது போதும் மொதலாளி. நீங்க கண்டி வரைக்கும் அலைய வேணாம். அவுங்களே ஆள் அனுப்பிருக்காங்களாம். வூட்டுக்காரர்கிட்ட நேர்ல விசாரிச்சு எழுதிட்டுப் போவாராம். அத வச்சுத்தான் முடிவாம்.

— நேர்லயா? எப்ப?

— இந்த வாரத்துலன்னு சொன்னாங்களாம். ஏன் மொதலாளி?

— வாற ஆள்... எப்படி ஈப்பார்?

— எனக்கு எப்படித் தெரியும்? இவருதான் பாத்தாரு. உசரமா, கருப்புக் கண்ணாடி போட்ட சிங்கள ஆபீசர் மாத்தயான்னாரு. என்ன மொதலாளி, மொகமெல்லாம் வேர்க்குது? தண்ணி கொண்டாரவா?

— வேணாம். புள்ள, செவ்வாய்க்கெழம கடைக்கு வந்தவரும் கருப்புக் கண்ணாடிதான்.

— வாடகைக் கந்தோர் ஆளுன்னு சொன்னீங்களே?

— அவர் செல்லல்ல. நான்தான் அப்படி நெனச்சேன். அந்த வூட்டுல ஆரு ஈக்கிறது, எப்ப இருந்துன்னு கேட்டார். அது வேற எதுக்குக் கேப்பாங்க?

— நீங்க என்னன்னு சொன்னீங்க?

— அவர் இன்னொருக்கா வருவாரா, புள்ள?

— மொதலாளி, என்னன்னு சொன்னீங்க?

— குடியே இல்லன்னேன், புள்ள. போன வருஷந்தான் இந்தியாவுல இருந்து வந்தாங்க, சும்மா தங்கி ஈக்கிறாங்க, திரும்பிப் போயிருவாங்கன்னு செல்லி, கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டேன்.