நிச்சயத் தட்டில் சுரைக்காய்

நம்ம பூட்டனுக்கும் முந்தி, மூணு வருசம் மழை பொய்ச்ச காலம் அது. சாலிவெட்டை ஊருல முத்திருளாண்டின்னு ஒருத்தர் இருந்தாராம். எச்சில் கையால காக்கா ஓட்டாத ஆளு. "காய்கறிக்குக் காசு குடுக்கிறவன் கிறுக்கன்"ம்பாராம். காய்க்காரி கூடையோட தெருவுல நுழைஞ்சா நாயை அவுத்து விடுவாராம்.

கொல்லையில சுரைக்கொடி போட்டாரு. போட்டதுதான் அவரு, தண்ணி சுமந்தது மருமக ஒச்சம்மா. அவ புருசன் கடல் தாண்டி கண்டிச்சீமைக்குப் பொழைக்கப் போயிட்டான். கிணறு ஊருக்கு அந்தாண்ட. போவாளாம், சுமப்பாளாம், ஊத்துவாளாம், திரும்பவும் போவாளாம். குடம் வச்சு வச்சு இடுப்பு காச்சுப்போச்சு. அப்பவும் கொடிக்குத் தண்ணி பத்தல. வாடி வாடித்தான் காய்ச்சுது.

முதல் காயை அறுத்துக் குழம்பு வச்சா. உப்புப் பாக்க நாக்குல விட்டவளுக்கு முகம் கோணிப்போச்சு. வேப்பங்கொழுந்து தோத்துச்சு.

"மாமா, காய் கசக்குது. கொட்டிரட்டுமா?"

"கொட்டுறதுக்கா கொடி போட்டேன்? தின்னு."

"நீங்க?"

"எனக்குக் கஞ்சி போதும்."

மாட்டேன்னா வீட்டை விட்டு விரட்டிருவாருன்னு அவளுக்குப் பயம். எதுக்க உக்காந்து பாத்தாராம், ஒவ்வொரு வாயும் முழுங்குற வரைக்கும். சட்டி காலியான பொறகுதான் எந்திரிச்சாராம்.

தண்ணி காணாமக் கசந்த சுரைக்காய் விஷமாச்சே, பொழுது சாயிறதுக்குள்ள ரத்த வாந்தி. தண்ணி கேட்டா. "குடத்துத் தண்ணி கொடிக்கு"ன்னாராம், பாவி. வெளக்கு வைக்கும்போது அவ இல்ல. காய் வாங்காம அவரு மிச்சம் பிடிச்ச காசு பாடை கட்டக்கூடக் காணல.

கோடித்துணியோட ஒச்சம்மாவோட அப்பன் வந்தாரு. சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டதைப் பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க சொன்னாங்க.

"காய்ல ஒண்ணுமில்ல, அவ உடம்புதான் சரியில்ல"ன்னு சாதிச்சாராம் முத்திருளாண்டி.

அப்பன் அழல. கொல்லைக்குப் போனாரு. அதே கொடியில ஒரு காயைப் பறிச்சாரு. ஊரு பாக்க ஒரு துண்டு அறுத்து நீட்டினாரு.

"அப்போ தின்னு காட்டுங்க சம்பந்தி."

முத்திருளாண்டி வாயில போட்டாரு. ரெண்டு மெல்லு மென்னாரு. துப்பிட்டாரு.

"நீங்க துப்பிட்டீங்க. எம்புள்ளையத் துப்ப விடலையே."

அதுக்கப்புறம் அந்த ஆளுக்கு ஊருல நெருப்பும் கிடையாது, தண்ணியும் கிடையாது. எங்க செத்தாருன்னுகூட யாரும் கேக்கலையாம்.

அன்னையிலிருந்து சாலிவெட்டையில நிச்சயம்னா, தாம்பூலம் மாத்துறதுக்கு முன்னால பொண்ணோட அப்பன் தட்டுல பச்சைச் சுரைக்காய்த் துண்டு வைப்பான். மாப்பிள்ளையோட அப்பன் சபையில மென்னு முழுங்கணும். துப்பினா பொண்ணு கிடையாது. நல்ல காயாத்தான் வைப்பாங்க. ஆனாலும் அதை நாக்கு நுனியில தொட்டுப் பாக்காம வாயில போட்ட ஆம்பளைய இந்த ஊரு இன்னும் பாக்கலையாம்.