காலிப் பட்டியலும் ஈரத் தரையும்

தலைமை தாங்கும் இயக்குநர் அவர்களே, அவருக்கு நிழல் தாங்கும் மரமே, படிக்கட்டில் இடம்பிடித்த மூத்தோரே, கைப்பையைத் தலைக்கு வைத்துப் புல்தரையில் சாய்ந்திருக்கும் கணக்குப் பிரிவுத் தாய்மாரே, கண்ணை மூடிக் காதைத் திறந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

அடையாள அட்டை தொங்கும் ஒரு கழுத்துப்பட்டையின் நிறம் சாம்பலிலிருந்து நீலமாக மாறவேண்டும் என்று நம் ஆட்சிக்குழு முடிவெடுத்திருக்கிறது. நாடுகள் எல்லை மாறியிருக்கின்றன. நதிகள் திசை மாறியிருக்கின்றன. இந்த அலுவலகத்தில் பட்டை மாறுவது இதுவே முதல் முறை.

சாம்பல் என்றால் ஒப்பந்தக்காரர். நீலம் என்றால் நம்மவர். துப்புரவு அக்காவின் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீலம் கிடைக்காவிட்டால் அவர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். கிடைத்தது. ஏன் கிடைத்தது? அங்கே யாரோ "சுருக்கமா" என்கிறார். எழுந்து எங்கே போகப்போகிறீர்கள், தம்பி?

நம் பெயர்களெல்லாம் ஒரு மென்பொருளில் குடியிருக்கின்றன. கதவுக்கு ஒரு மென்பொருள், அஞ்சலுக்கு ஒன்று, மின்தூக்கிக்கு ஒன்று. ஒன்றின் முகம் இன்னொன்றுக்குத் தெரியாது. இவற்றுக்கிடையே தூது நடக்கும் ஒரே உயிர், இணைப்பி. "யார் யார் இருக்கிறார்கள்?" என்று இங்கே கேட்கும்; கேட்டதை அங்கே சொல்லும்.

போன மாதம் ஒரு மதியம், நாம் சாப்பிட வெளியே போன வேளையில், பெயர் காக்கும் மென்பொருள் பழுதாகி மயங்கிக் கிடந்தது. இணைப்பி போய்க் கேட்டது. காலிப் பட்டியல் கையில் கிடைத்தது. அது பொய் சொன்னதா? இல்லை. புரளி கிளப்பியதா? இல்லை. கண்டதைச் சொன்னது. இங்கே யாருமில்லை என்று கதவிடம் சொன்னது, அஞ்சலிடம் சொன்னது, மின்தூக்கியிடமும் சொன்னது.

திரும்பி வந்தோம். கதவு திறக்கவில்லை. இணைப்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் அம்மையாரை இயக்குநர் அழைத்தார்.

"என்னம்மா இது?"

"பட்டியல் காலியா வந்திருக்கு சார். அதனால யாருமே இல்லன்னு எடுத்துக்கிச்சு."

"நான் இங்கதானே நிக்கிறேன்?"

"நிக்கிறீங்க சார். பட்டியல்ல இல்ல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துப்புரவு அக்கா. அவர் பெயர் நம் பட்டியலில் என்றுமே இருந்ததில்லை. இல்லாத பெயரை எப்படி நீக்குவது? ஒப்பந்தக்காரரின் சாம்பல் அட்டை கதவிலேயே நேராகப் பதிந்தது; அதனால் அவருடைய அட்டை மட்டும் உயிரோடிருந்தது.

"அக்கா, கொஞ்சம் திறங்க."

"இருங்க சார், தரை ஈரமா இருக்கு. மிதிச்சீங்கன்னா மறுபடி யாரு துடைக்கிறது?"

காத்திருந்தோம். அந்த ஈரம் உலர்ந்த நேரத்தை மறப்பேனா? உள்ளே தொலைபேசிகள் தமக்குள் பேசிக்கொள்வதுபோல் ஒலித்து ஓய்ந்தன. ஆளில்லாத மின்தூக்கி ஏறி ஏறி இறங்கியது. மேகம் ஒன்று நம் கட்டடத்தின் கண்ணாடிகளில் மாடி மாடியாக நடந்து போனது. நிதி மேலாளர் அதற்குக் கையசைத்தார். யாருக்கும் அஞ்சல் வரவில்லை. யாரும் யாருக்கும் மேலதிகாரியாக இல்லை.

பிறகு கதவு திறந்தது. "செருப்ப நல்லா தேய்ச்சிட்டு வாங்க. சார், உங்களையுந்தான் சொல்றேன்."

அன்றே ஆட்சிக்குழு கூடியது. முன்னே இரண்டு கோரிக்கைகள். ஒன்று அக்காவின் பட்டை. மற்றது பொறியாளருடையது: "பாதிப் பேருக்கு மேல ஒரேயடியா காணோம்னா, நின்னு நம்மகிட்ட கேட்டுக்கோன்னு இணைப்பிக்குச் சொல்லி வைக்கலாம் சார். ஒரு டிக் போட்டாப் போதும்." வெளிர் நீலமா, கரு நீலமா என்ற விவாதம் வீறுகொண்டு நீண்டதால், டிக் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

பட்டியலில் ஒரு பெயர் ஏறுவது சிறு செய்தியா? நாளை விரட்டப்படுவோமோ என்று நடுங்கிய நெஞ்சுக்கு அது நிம்மதி அல்லவா? நேற்று கரு நீலப் பட்டையை அணிந்ததும் அக்கா கேட்டார்: "இனிமே நானும் உங்க கூடத்தானா சார்?"

"எங்க கூடத்தான்க்கா. எல்லாத்துலயும்."

இன்று விழாவுக்காக அரங்கத்தில் நாற்காலி போட்டுவிட்டு அனைவரும் சாப்பிடப் போனோம், அக்காவும் முதல்முறையாக நம்மோடு. அந்நேரம் இணைப்பி போய்க் கேட்டிருக்கிறது. பட்டியல் காலி.

மரத்தடியில் பொறுமை காத்த உங்கள் அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும். பூங்கொத்து அரங்கத்தில் இருக்கிறது. அக்காவின் சாம்பல் அட்டையை நேற்றே வாங்கி இரண்டாக வெட்டிவிட்டோம்.