எடைக்குப் போன வெள்ளிக்காசு

"ஹலோ... ஹலோ! யாரு? ... தங்கச்சியா? சத்தமாப் பேசும்மா, இங்க ஒண்ணும் காதுல விழல... ஆமா, ஆமா, வந்துட்டான் உன் வீட்டுக்காரன். சுத்தியலோடதான் வந்திருக்கான்... கேக்குதா? அது என் கடைக் கண்ணாடி... இப்ப விழுந்துச்சே, அதுவும்தான்."

பின்னறைக் கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார் தராசு. பழைய வெள்ளிக்காசு வாங்கி விற்பவர். தராசு என்பது நண்பர்கள் வைத்த பட்டப்பெயர். நண்பனிடம் வாங்கும்போது, தான் விற்கப்போகும் விலையை முதலில் சொல்லிவிட்டு, அதில் சின்னப் பங்கு மட்டும் எடுத்துக்கொள்வார். அந்த மனிதருடைய காது இப்போது பிய்ந்து தொங்கியது. சட்டைக் காலர் ரத்தத்தில் ஊறிக் கழுத்தோடு ஒட்டியிருந்தது. வலியைவிட அவமானம்தான் அதிகமாக எரிந்தது. வெளியே நின்று உடைப்பவன் பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வளர்ந்த வெல்டர். அவன் மனைவியைத்தான் தங்கச்சி என்று கூப்பிடுவார்.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா... ஆமா, போன வாரம் அவங்கப்பாவோட காசைக் கொண்டுவந்து காட்டினான். நல்லாக் கறுப்பேறின காசு. அந்தக் கறுப்புக்குத்தாம்மா விலையே! நல்ல விலை சொன்னேன்... ஆமா, நேத்துக் காலையில பையைக் கட்டுன கட்டோட குடுத்துட்டுப் போனான். நானும் பிரிச்சுப் பாக்கல. நண்பனுக்கு முன்னாடி பையைப் பிரிச்சு எண்ணினா அது என்ன நட்பு? ... ம்... அவன் போனப்புறம் பிரிச்சா, புதுப் பாத்திரம் மாதிரி மின்னுது! தேய்ச்ச காசை எவன்மா வாங்குவான்? உருக்கத்தான் லாயக்கு, எடைக்குத்தான் போகும். சாயந்தரம் வந்தான், சொன்னேன்... நான் கறுப்பாத்தான் குடுத்தேன், நீதான் விலையைக் குறைக்கத் தேய்ச்சுட்டேங்கறான். என்னைப் பாத்து! எனக்கும் கோவம் வந்துச்சு. நாலு பேர் முன்னாடி, பொய் சொல்லிப் பொழைக்கிற நாயேன்னுட்டேன்..."

கதவின் மேல் பலகை பிளந்தது. மரச்சிராய் தெறித்து அவர் கழுத்தில் குத்தியது.

"டேய், போன் பேசிட்டிருக்கேன்டா! ... உன்னை இல்லம்மா, நீ சொல்லு... என்ன? அழாம சொல்லு... யாரு? ... நீயா? ... எதால தேய்ச்ச? ... பல்பொடியும் எலுமிச்சம்பழமுமா? ... ஐயோ, ஏம்மா... ம்... பளபளன்னு இருந்தாக் கூடக் கிடைக்கும்னா... ம்... அவன் சந்தோஷப்படுவான்னா..."

அப்படியானால் வெல்டர் பொய் சொல்லவில்லை. தானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் உண்மையைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். உள்ளிருந்து ஒரு வார்த்தை கத்தினால் சுத்தியல் நின்றுவிடும். கத்த வாயையும் திறந்துவிட்டார். ஆனால் இங்கே நிற்கிற சுத்தியல் அடுத்து எந்த வீட்டுக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டார்.

"அவன்கிட்ட சொன்னியா? ... சொல்லலையா? நல்லது. சொல்லவே சொல்லாதே... நீ இங்க வராதே. வராதேன்னா வராதே! ... போன வருஷம் உன் கை உடைஞ்சப்ப ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போனா? பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு டாக்டர்கிட்ட சொன்ன. நானும் மரம் மாதிரி நின்னேன்... இல்லம்மா, இன்னிக்கு அப்படி நிக்க முடியாது. கேளு. அந்தப் பையை நீ தொடவே இல்ல. புரியுதா? ... எனக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன். நீ உங்கக்கா வீட்டுக்குப் போயிடு. இப்பவே. செருப்பைத் தேடிட்டு நிக்காதே..."

கீல் பெயர்ந்து கதவு அவர் தோள்மேல் சாய்ந்தது. அதை மிதித்துக்கொண்டு வெல்டர் உள்ளே வந்தான். தலைமுடியெல்லாம் கண்ணாடித் தூள், முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது. கண்ணில் நீரும் இருந்தது. அவருடைய மயிரைப் பிடித்துத் தூக்கி, காசைத் தேய்த்தது யார் என்று கேட்டான். போன் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"நான்தான்டா... ஆமாடா, நான்தான்! இதே ரூம்ல உட்கார்ந்து தேய்ச்சேன். எடை விலைக்கு வாங்கலாம்னு... ஆமா, உன்னைத்தான் ஏமாத்தப் பாத்தேன். நீ பொய் சொல்லல. போதுமா?"

எத்தனையோ வருஷம் நேர்விலை சொல்லிச் சேர்த்த பெயரை அவரே ஒரு மூச்சில் தொலைத்தார். வெல்டர் மயிரை விட்டான், நம்பிவிட்டான். அவ்வளவு சுலபமாக நம்பியதுதான் கதவு சாய்ந்ததைவிட வலித்தது.

போனுக்குள்ளிருந்து அவள் குரல் உரக்க எழுந்தது. உண்மையைத் தானே சொல்லிவிடப் போகிறாள்.

"ராங் நம்பருங்க... இல்லைங்க, இங்க அப்படி யாரும் இல்ல. வைங்க."

சுத்தியல் ஓங்கியாகிவிட்டது. தராசு முதலில் அழைப்பைத் துண்டித்தார். அதற்குப் பிறகுதான் தலையைக் காக்கக் கையைத் தூக்கினார்.